மாஹிமில் தொடங்கிய கணக்கு: தாளம் பயிலும் மும்பைத் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பறை, மிருதங்கம், கடம், தபலா, டிரம்ஸ் என்று ஏதேனும் ஒரு தோலையோ மண்ணையோ தட்டிப் பழகும் இளைஞர்களுக்கு,

ராக் குழு ஒன்றின் டிரம்மர் தன் குழுவுக்கு வெளியே நடத்திய தனிக்குழுக்கள் பல உண்டு. அவற்றில் தாளத்தை மட்டுமே நம்பி எழுந்து உலகம் முழுவதும் பேர் வாங்கியது பிளானட் டிரம். நடத்தியவர் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவைச் சேர்ந்த மிக்கி ஹார்ட். குழு உருவானது கலிபோர்னியாவில். அதன் கணக்கு புறப்பட்ட இடமோ தாராவியை ஒட்டிய மாஹிம்.

ஹார்ட் 1943-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1967 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கிரேட்ஃபுல் டெட் குழுவில் சேர்ந்தார். அங்கே பில் க்ரூட்ஸ்மன் ஏற்கெனவே டிரம்மராக இருந்தார். அந்தக் காலத்தில் ஒரே மேடையில் இரண்டு டிரம்ஸ் என்பது அபூர்வம். இரண்டு பேரும் ஒரே அடியை அடித்தால் சத்தம் கூடும், இசை கூடாது. இரண்டாவது டிரம்மருக்குத் தனியாக ஒரு வேலை வேண்டியிருந்தது. ஹார்ட் அதைத் தேடிப் போய்ச் சேர்ந்தது அல்லா ரக்காவிடம்.

உஸ்தாத் அல்லா ரக்கா 1919-இல் ஜம்மு பகுதியில் பிறந்தவர், தபலாவில் பஞ்சாப் கரானா என்ற மரபைச் சேர்ந்தவர். பம்பாய்க்கு வந்து வானொலியில் வேலை பார்த்தார், ஏ. ஆர். குரேஷி என்ற பெயரில் இந்திப் படங்களுக்கு இசையமைத்தார். மாஹிமில் குடும்பத்தோடு வாழ்ந்தார். ரவிசங்கரின் சிதாருக்குத் துணையாக அவர் 1967-இல் மான்டெரே விழாவிலும் 1969-இல் உட்ஸ்டாக்கிலும் வாசித்தபோது, அமெரிக்க டிரம்மர்கள் ஒரு விஷயத்தைக் கண்கூடாகப் பார்த்தார்கள். இரண்டு கை, இரண்டு சிறிய தோல். அவற்றுக்குள் அவர்களுடைய மொத்த டிரம் செட்டிலும் இல்லாத கணக்கு. ஜாஸ் உலகின் பெரிய டிரம்மரான பட்டி ரிச், 1968-இல் அல்லா ரக்காவோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டே வெளியிட்டார். பட்டி ரிச்சுக்கு அது ஒரு சந்திப்பு. ஹார்டுக்கு அது பாடமாக மாறியது. அவர் அல்லா ரக்காவிடம் மாணவனாக உட்கார்ந்தார்.

அங்கே கற்ற கணக்கு உடனே ராக் மேடைக்குப் போனது. மேற்கத்திய ராக் பாடல் பெரும்பாலும் நான்கு நான்காக நடக்கும். ஹார்ட் வந்த பிறகு கிரேட்ஃபுல் டெட் பதினொன்றில் ஒரு பாட்டை வாசித்தது, பெயரே 'தி லெவன்'. பத்து மாத்திரையில் ஹார்ட் கட்டிய ஒரு துண்டுக்கு 'தி மெயின் டென்' என்று பெயர்; அது வளர்ந்து 'பிளேயிங் இன் தி பேண்ட்' என்ற புகழ்பெற்ற பாட்டாயிற்று. பத்து என்பது தபலாக்காரருக்கு ஜப்தாள்: இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. மாட்டுங்காவில் மிருதங்கம் கற்கும் பையனுக்கு அது கண்டசாபுவின் இரண்டு சுற்று. ராக் டிரம்மருக்கோ அதுவரை அது வீடே இல்லாத எண். பழக்கமில்லாத ஓர் எண்ணில் உடம்பு தடுமாறாமல் நடக்க வேண்டுமானால் அதை வாயால் சொல்லிப் பழக வேண்டும். இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் தாளம் கற்பிக்கிற முதல் வழி அதுதான்.

1971-இல் ஹார்ட் குழுவிலிருந்து விலகினார். குழுவின் பணத்தை நிர்வகித்த அவருடைய தந்தை அதைக் கையாடிவிட்டார். அந்த அவமானத்தோடு மகனால் மேடையில் உட்கார முடியவில்லை. திரும்பிச் சேர 1974 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் நோவாட்டோ என்ற ஊரிலிருந்த தன் பண்ணையின் களஞ்சியத்தை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். தனிக்குழு என்ற யோசனை வளர்ந்தது அந்தக் கூடத்தில்தான். 1972-இல் 'ரோலிங் தண்டர்' என்ற பெயரில் அவருடைய முதல் தனி ஆல்பம் வந்தது. அதன் முதல் துண்டில் அல்லா ரக்காவும் அவருடைய மகனும் வாசித்திருக்கிறார்கள். கலைஞர் பட்டியலில் இருவர் பெயருக்கும் நேரே வாத்தியம் என்று குறிக்கப்பட்டிருப்பது 'மழை'.

அந்த மகன் ஜாகீர் உசேன். 1951 மார்ச் 9 அன்று பிறந்து, மாஹிமில் செயின்ட் மைக்கேல் பள்ளியில் படித்து, தந்தையிடம் விடியலுக்கு முன்பே எழுந்து தபலாச் சொற்களான போல்களைச் சொல்லிப் பழகியவர். 1970-இல் அமெரிக்காவுக்குப் போனார். வயது இருபதுகூட ஆகவில்லை. சரோத் மேதை அலி அக்பர் கான் 1967-இல் தொடங்கிய இசைக் கல்லூரி அப்போது சான் ரஃபேலில் நடந்துகொண்டிருந்தது. ஜாகீர் அங்கே தபலா ஆசிரியரானார். தன் மாணவர்களைச் சேர்த்து ஒரு தாளவாத்தியக் குழுவை அமைத்தார். ஹார்டும் அதில் வந்து சேர்ந்தார்.

இந்த வரிசையைக் கவனிப்பது முக்கியம். ராக் நட்சத்திரம் ஒருவர் தன் குழுவுக்கு வண்ணம் சேர்க்க ஓர் இந்தியரைக் கூப்பிட்டுக்கொண்டார் என்ற கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. நடந்தது அதற்கு நேர்மாறு. குழு ஜாகீரின் வகுப்பறையில் பிறந்தது. ராக் டிரம்மர் அதற்குள் வந்தார். அவர் கொண்டுவந்தவை ஒலிப்பதிவுக் கூடம், இசைத்தட்டு நிறுவனம், ரசிகர் கூட்டம். கணக்கு ஏற்கெனவே அங்கே இருந்தது.

1976-இல் அந்தக் குழு 'டிகா ரிதம் பேண்ட்' என்ற பெயரில் 'டிகா' ஆல்பத்தை வெளியிட்டது. வெளியிட்டது கிரேட்ஃபுல் டெட் குழுவினரின் சொந்த நிறுவனமான ரவுண்ட் ரெக்கார்ட்ஸ். தபலாக்கள், டிரம்ஸ், கோங்கா, மணிகள், மரக்கட்டைகளில் அடிக்கும் சுர வாத்தியங்கள் என்று எல்லாமே தட்டி எழுப்பும் ஒலிதான். 'ஸ்வீட் சிக்ஸ்டீன்', 'மாக்னிஃபிசென்ட் செவன்ஸ்', 'தால் மாலா' என்று துண்டுகளின் பெயர்களிலேயே கணக்கு தெரியும். பதினாறு, ஏழு, தாளமாலை. கிரேட்ஃபுல் டெட்டின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இரண்டு துண்டுகளில் வாசித்தார். அவற்றில் ஒன்றான 'ஹாப்பினெஸ் இஸ் டிரம்மிங்' பின்னர் வரிகள் சேர்ந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' என்ற பாட்டாகி, 1978-இல் கிரேட்ஃபுல் டெட் ஆல்பத்தில் வந்தது. இன்றும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிற அந்தப் பாட்டு, தாளக் குழுவிலிருந்து ராக் குழுவுக்குப் போனது.

பதினாறைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். தீன்தாளுக்குப் பதினாறு மாத்திரை. நமது ஆதிதாளம் இரண்டு களையில் போட்டால் அதுவும் பதினாறு. மூன்றாம் மாத்திரையில் 'ததிகிணதோம்' என்று தொடங்கி, மாத்திரைக்கு ஓர் எழுத்தாக இடைவெளி விடாமல் மூன்று முறை சொன்னால், கடைசித் 'தோம்' அடுத்த சுற்றின் முதல் மாத்திரையான சமத்தில் போய் விழும். தபலாக்காரர் இதைத் திஹாய் என்பார், மிருதங்கக்காரர் தீர்மானத்தில் இதைச் செய்வார். நைஜீரியாவிலிருந்தோ புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்தோ வந்த ஒருவருக்கு இந்தப் பெயர்கள் தெரிய வேண்டியதில்லை. மூன்று முறை வந்தது, முடிந்த இடம் சமம் என்று காது சொல்லிவிடும். வெவ்வேறு தேசத்தவர் பத்துப் பேர் ஒத்திகைக்கு உட்கார்ந்து அரை மணி நேரத்தில் ஒரே மூச்சாக வாசிக்க முடிவது இதனால்தான்.

1970-களின் இறுதியில் பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்காக ஹார்டை அழைத்தார். வியட்நாம் காட்டின் ஒலி வேண்டும் என்றார். ஹார்ட் தன் கூடம் நிறைய வாத்தியங்களை அடுக்கிவைத்தார். இருந்தவை போதாமல் புதியவற்றையும் செய்யச் சொன்னார். அலுமினிய உத்திரம் ஒன்றில் பியானோவின் தடித்த கம்பிகளைக் கட்டி, 'பீம்' என்று பெயர் வைத்து, அதை அடித்தும் தேய்த்தும் வயிற்றில் அதிரும் ஒலியை எழுப்பினார். ஹார்ட், க்ரூட்ஸ்மன், பிரேசிலின் ஏர்ட்டோ மொரேரா உள்ளிட்டோர் 'ரிதம் டெவில்ஸ்' என்ற பெயரில் அதை வாசித்தார்கள். 1980-இல் இசைத்தட்டாகவும் வந்தது. படத்துக்காகச் செய்த இந்த வேலையை இங்கே குறிப்பிடக் காரணம் ஒன்றுதான்: கையில் கிடைத்த பொருளை வாத்தியமாக்கலாம் என்ற துணிச்சல் அதற்குப் பிறகு ஹார்டின் எல்லாக் குழுக்களிலும் இருந்தது. தாராவியில் குப்பை பொறுக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் பெயிண்ட் டப்பாவையும் பிளாஸ்டிக் பீப்பாயையும் வைத்து 'தாராவி ராக்ஸ்' என்று ஒரு குழுவாக மேடையேறியபோது செய்ததும் அதே வேலைதான். அவர்களுக்கு அது தேவையிலிருந்து வந்தது, ஹார்டுக்கு ஆர்வத்திலிருந்து.

பிளானட் டிரம் என்ற பெயர் வந்தது 1991-இல். அந்த ஆண்டு ஆல்பமும் அதே பெயரில் தாளவாத்தியங்களின் வரலாற்றைப் படங்களோடு சொல்லும் புத்தகமும் ரைக்கோடிஸ்க், ஹார்ப்பர் நிறுவனங்கள் வழியாக வெளியாயின. ஆல்பத்தில் வாசித்தவர்களின் பட்டியல், உலக வரைபடத்தின் மேல் கையை வைத்தது போல விரியும். 'டிரம்ஸ் ஆஃப் பேஷன்' ஆல்பத்தால் 1960-இலேயே அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்கத் தாளத்தை அறிமுகப்படுத்திய நைஜீரியர் பாபாதுந்தே ஒலாதுஞ்சி, அதே நாட்டைச் சேர்ந்த பேசும் முரசுக் கலைஞர் சிகிரு அடெபோஜு, புவெர்ட்டோ ரிக்கோவின் கோங்கா மேதை ஜியோவானி ஹிடால்கோ, பிரேசிலிலிருந்து ஏர்ட்டோவும் அவருடைய மனைவியும் பாடகியுமான ஃப்ளோரா பூரிமும், மாஹிமின் ஜாகீர், சென்னையின் கடம் விநாயக்ராம்.

தேத்தாகுடி ஹரிஹர விநாயக்ராம், தமிழர்களுக்கு விக்கு, 1942-இல் பிறந்தவர். அவருடைய தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயாவை நடத்தியவர். 13 வயதில் மேடையேறிய விநாயக்ராம், 1970-களில் ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகீர் ஆகியோரோடு சக்தி குழுவில் உலகம் சுற்றினார். கர்நாடகக் கச்சேரியில் கடத்துக்கு உபபக்கவாத்தியம் என்ற இடம். பாடகர் நடுவில், வயலினும் மிருதங்கமும் இருபுறம், கடம் அவர்களுக்குப் பின்னால். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முடித்த பிறகு கடத்துக்கு முறை வரும். நேரமாகிவிட்டது என்றால் முதலில் குறைவது அந்தப் பங்குதான். பிளானட் டிரம்மில் பக்கவாத்தியம் என்று ஒன்றே இல்லை. யாருக்கும் துணையாக வாசிக்க வேண்டியதில்லாத ஒரு மேடையில் மண்பானை என்னவெல்லாம் பேசும் என்பதை அங்கே விநாயக்ராம் காட்டினார். ஒரே நேரத்தில் வெவ்வேறு சுருதியில் பல கடங்களை வரிசையாக வைத்து வாசித்ததும், தாளம் தப்பாமல் கடத்தை மேலே எறிந்து பிடித்ததும் அவருடைய மேடைகளில் ரசிகர்கள் கண்டவை.

ஆல்பத்தின் முதல் துண்டின் பெயர் 'உடு சாண்ட்'. உடு என்பது நைஜீரியாவின் இக்போ மக்களுடைய மண்பானை. பானையின் வாயைத் தவிரப் பக்கவாட்டில் இன்னொரு துளை இருக்கும். உள்ளங்கையால் அந்தத் துளையை அடைத்து எடுக்கும்போது உள்ளிருக்கும் காற்று கும்மென்று எழும். கடத்தில் துளை இல்லை. வாசிப்பவர் பானையின் வாயைத் தன் வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் அதே கும்காரத்தைப் பெறுகிறார். அதனால் கடம் வாசிப்பவரின் மூச்சும் வயிறும்கூட வாத்தியத்தின் பகுதிதான். கழுத்துப் பக்கம் விரல் நுனி பட்டால் கூர்மையான ஒலி, நடு வயிற்றில் விரல்களும் உள்ளங்கையும் பட்டால் வட்டமான ஒலி. மிருதங்கத்தைப் போல் கட்டையைத் தட்டியோ ரவை ஒட்டியோ கடத்தின் சுருதியை மாற்ற முடியாது. சூளையிலிருந்து வந்த சுருதி வந்ததுதான். ஆகவே கச்சேரிக்குக் கச்சேரி வேறு கடம் தூக்க வேண்டும். மானாமதுரையில் குயவர்கள் பக்குவப்படுத்திய களிமண்ணை ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டிக் கனமாக வனைகிற அந்தப் பானைகளுக்கு இந்த ஆல்பத்தின் வெற்றியில் பங்கு உண்டு. ஆல்ப அட்டைகளில் வாத்தியம் செய்தவர் பெயர் பொதுவாக இருப்பதில்லை. தோல் பதனிடும் தொழிலோடு வளர்ந்த தாராவியிலும், கும்பார்வாடாவின் சூளைகளுக்குப் பக்கத்திலும் வாழ்பவர்கள் இந்தக் குறையைக் கேட்டே ஆக வேண்டும்.

1992 பிப்ரவரியில் கிராமி விருதுகளில் உலக இசை ஆல்பத்துக்கு என்று முதன்முறையாக ஒரு பிரிவு வந்தது. முதல் விருதே பிளானட் டிரம்முக்கு. அமெரிக்காவின் பில்போர்டு உலக இசைப் பட்டியலில் அது 26 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடகர் நடுநாயகமாக இல்லாத, கிதாரும் பியானோவும் தேவைப்படாத ஓர் ஆல்பத்துக்கு இது நடந்தது. விருதுப் பட்டியலில் கலைஞர் பெயராக இருந்தது மிக்கி ஹார்ட் மட்டும். விநாயக்ராமுக்கும் ஜாகீருக்கும் கிராமி கிடைத்த ஆண்டு என்று தமிழிலும் இந்தியிலும் 1992 கொண்டாடப்படுவது நியாயமே, வாசித்த கைகள் அவர்களுடையவை. ஆனால் ஏட்டில் ஒரு பெயர்தான் ஏறியது. ஹார்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அட்டையிலும் மேடையிலும் புத்தகத்திலும் தன்னோடு வாசித்தவர்களைப் பெயர் சொல்லி முன்னிறுத்தியவர் அவர். பிரபலமான ஒருவரின் தனிக்குழு என்ற ஏற்பாட்டிலேயே இருக்கும் சிக்கல் இது.

சிக்கல் தீர 17 ஆண்டு பிடித்தது. இடையில் 1995-இல் ஜெர்ரி கார்சியா இறந்தார், கிரேட்ஃபுல் டெட் கலைந்தது. தனிக்குழுவாக இருந்த தாளக்குழு அதற்குப் பிறகு ஹார்டுக்கு முதன்மை வேலைகளில் ஒன்றாயிற்று. 1998-இல் 'சூப்ராலிங்குவா' வந்தது. 2003-இல் ஒலாதுஞ்சி காலமானார். 2007-இல் ஹார்ட், ஜாகீர், சிகிரு, ஜியோவானி நால்வரும் 'குளோபல் டிரம் ப்ராஜெக்ட்' என்ற ஆல்பத்தைத் தந்தார்கள். கையால் எழுப்பிய ஒலியைக் கணினியில் நீட்டியும் திரித்தும் செய்த வேலை அதில் அதிகம். தோலின் நேரடிச் சூடு குறைந்துவிட்டது என்று தோன்றும் இடங்களும் உண்டு. 2009 பிப்ரவரியில் சமகால உலக இசைக்கான கிராமி விருதை அது பெற்றபோது பட்டியலில் நான்கு பெயர்களும் இருந்தன. அல்லா ரக்காவின் மகன் பெயரும் அவருடைய மாணவர் பெயரும் அங்கே சமமாக நின்றன.

மும்பையில் இந்தக் கதையின் மறுபாதி நடந்துகொண்டிருந்தது. 2000 பிப்ரவரி 3 அன்று அல்லா ரக்கா மும்பையில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில், சக்தியின் தொடர்ச்சியான 'ரிமெம்பர் சக்தி' குழு இந்த நகரத்தில் வாசித்ததைப் பதிவுசெய்து 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' என்று வெளியிட்டார்கள். செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன் பாட, ஜாகீரோடு அவருடைய தம்பி தௌஃபீக் குரேஷி, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், சென்னை டிரம்மர் சிவமணி எல்லோரும் அதில் இருக்கிறார்கள். தமிழ்த் தாளமும் பஞ்சாப் கரானாவும் டிரம்ஸும் சந்திக்கக் கலிபோர்னியா போக வேண்டியதில்லை என்பதற்கு அந்தப் பதிவு ஒரு சான்று. தந்தையின் நினைவாக ஜாகீர் ஒவ்வொரு பிப்ரவரி 3 அன்றும் மும்பையில் நாள் முழுவதும் தாள விழா நடத்தினார். சயானில் மாட்டுங்காவை ஒட்டி, கிங்ஸ் சர்க்கிள் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் உள்ள சண்முகானந்தா அரங்கில் விடிகாலையிலேயே கூட்டம் நிற்கும். தமிழர்கள் 1952-இல் தொடங்கிய சபாவின் அந்த அரங்கில் பஞ்சாப் தபலாவும் தமிழ்நாட்டுக் கடமும் மேற்கத்திய டிரம்ஸும் ஒரே நாளில் கேட்டன.

பிளானட் டிரம் பெயரில் கடைசியாக வந்தது 2022-இன் 'இன் தி குரூவ்'. அதே நால்வர். ஹார்ட் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், ஜாகீருக்கு 71. 2024 பிப்ரவரியில் ஜாகீர் ஒரே இரவில் மூன்று கிராமி வாங்கினார், ஒன்று சக்தியோடு, இரண்டு பேலா ஃப்ளெக், எட்கர் மேயர், ராகேஷ் சௌராசியா ஆகியோரோடு. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நுரையீரல் நோயால் காலமானார். அடக்கத்தின்போது சிவமணி அங்கே நின்று வாசித்தார்.

இவற்றைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் 'டிகா', கையில் தாளம் போட்டுக்கொண்டு சமம் எங்கே விழுகிறது என்று பிடிப்பது அதில்தான் எளிது. ஏழில் நடக்கும் துண்டைக் கேட்கும்போது மிஸ்ரசாபு போட்டுப் பார்க்கலாம். அடுத்து 1991-இன் 'பிளானட் டிரம்'. காதில் கருவி மாட்டிக் கேட்டால் மண் ஒலியையும் தோல் ஒலியையும் பிரித்தறிய முடியும். விநாயக்ராமின் கைகளை முழுதாக அறிய, 1976-இல் வெளியான சக்தியின் முதல் ஆல்பம் இன்றியமையாதது. 'குளோபல் டிரம் ப்ராஜெக்ட்' இவற்றுக்குப் பிறகு வரட்டும். ஒரே வாத்தியம் பயிலும் இருவர் கேட்பதைவிட, பறைக்காரரும் மிருதங்கக்காரரும் டிரம்மரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டையும் முதலில் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் வாசித்துப் பார்ப்பது அதிகம் பலன் தரும். டிகா குழுவும் ஒரு வகுப்பறையில் அப்படித்தான் உருவானது.

அன்புடன்,
மும்பைத் தாள ரசிகர் ஒருவர்